கடன் தவணையிலிருந்து வந்த மானியம்

சீஷெல்ஸில் ஒரு சின்ன மீனவர் சங்கத்துக்கு மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பணம் வந்தபின் அதன் கணக்கையும் பார்த்தவன் நான். பகலில் தலைநகர் விக்டோரியாவில் ஒரு இறக்குமதி கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலை. சங்கத்து வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மீன் வரும். தீவு நாடுகள் தங்களுக்கென்று காலநிலை நிதியம் அமைத்துக்கொள்வது பற்றி மாநாட்டு அறிக்கைகள் நிறைய உண்டு. அந்த நிதியத்தின் கடைசிப் படியில், ரசீது ஒட்டுகிற இடத்தில், என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இது.

நிதியத்தின் பெயர் சீஷெல்ஸ் பாதுகாப்பு மற்றும் காலநிலைத் தகவமைப்பு அறக்கட்டளை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் சேகேட் என்பார்கள். சங்கத் தலைவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இது யார் காசு என்பதுதான். ஹாலிவுட் நடிகர் டிகாப்ரியோ கொடுத்த காசு என்று கரையில் பேச்சு. அவருடைய அறக்கட்டளை பத்து லட்சம் டாலர் கொடுத்தது உண்மைதான். ஆனால் கதை அதைவிடப் பெரியது.

2008இல் சீஷெல்ஸ் அந்நியக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. அதன் பிறகு பாரிஸ் கிளப் என்ற, கடன் கொடுத்த நாடுகளின் குழுவிடம் இருந்த கடனில் 2.16 கோடி டாலரை வைத்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். நேச்சர் கன்சர்வன்சி என்ற அமெரிக்க அமைப்பு, கடனாக 1.52 கோடியும் நன்கொடையாக 50 லட்சமும் திரட்டியது. ஆக 2.02 கோடி டாலரைக் கொடுத்து, முகமதிப்பைவிடக் கொஞ்சம் குறைந்த விலைக்கு அந்தக் கடனை மீட்டார்கள். 2015இல் அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது, 2016இல் கைமாற்றம் முடிந்தது. இப்போது அரசு தவணை கட்டுவது வெளிநாட்டுக்கு இல்லை, சேகேட்டுக்கு. அடகுக்கடையில் இருந்த நகையைத் தாய்மாமன் மீட்டு வைத்துக்கொண்டு, மாதத் தவணையை என்னிடம் கட்டு, அதில் ஒரு பங்கை உன் பிள்ளை படிப்புக்கே எடுத்து வைக்கிறேன் என்று சொல்வதைப் போன்ற ஏற்பாடு. அந்தத் தவணையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2,80,000 டாலர் மானியத்துக்கு ஒதுங்குகிறது, இன்னொரு பங்கு நிரந்தர முதலாகச் சேர்கிறது. பதிலுக்கு அரசு தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாக வாக்குக் கொடுத்தது. 2020 மார்ச்சில் அதை நிறைவேற்றியும் விட்டது.

இதைச் சொன்னதும் தலைவர் யோசித்தார். "அப்படியானால் நான் கட்டுகிற வரியில்தானே அந்தத் தவணை போகிறது?" ஆமாம் என்றேன். "பிறகு எதற்கு இத்தனை காகிதம் கேட்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. அந்த 1.52 கோடிக்குப் பின்னால் கடன் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது போக, 2018 அக்டோபரில் நாடு நீலப் பத்திரம் ஒன்றை, அதாவது கடல் சார்ந்த திட்டங்களுக்கென்றே ஒரு கடன் பத்திரத்தை, 1.5 கோடி டாலருக்கு வெளியிட்டது. அதை வாங்கியவை மூன்று அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள், உலக வங்கி பகுதி உத்தரவாதமாக 50 லட்சத்துக்கு நின்றது. அதில் 30 லட்சம் மானியத்துக்காகச் சேகேட்டுக்கு வந்தது, மீதி 1.2 கோடி வளர்ச்சி வங்கி வழியாகக் கடன் கொடுக்க. நியூயார்க்கில் ஒரு தணிக்கையாளர் கேட்கும் கேள்வி, படிப்படியாக இறங்கி, மஹே தீவில் மூங்கில் வெட்டிக் கொடுத்த தாத்தாவிடம் ரசீது எங்கே என்று வந்து நிற்கிறது.

இந்த நாட்டுக்கு இப்படி ஒரு சுற்றுவழி ஏன் தேவைப்பட்டது என்பதும் முக்கியம். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும், தீவுகள் 115. ஹோட்டல் வருமானத்தால் தலைக்கு வருமானம் உயர்ந்து, 2015இல் உலக வங்கி இதை உயர் வருமான நாடு என்று வகைப்படுத்தியது. அத்துடன் மலிவு வட்டிக் கடனும் உதவியும் சுருங்கின. கடலுக்கு அந்தப் பட்டியல் தெரியாது, பவளம் 1998இலும் 2016இலும் வெளுத்தது வெளுத்ததுதான். துவாலு 1987இலேயே ஒரு நம்பிக்கை நிதியம் வைத்து, 2015இல் பேரிடருக்கென்றே தனி நிதியத்துக்குச் சட்டம் போட்டது. ஆன்டிகுவா தன் சுற்றுச்சூழல் துறையையே பசுமைக் காலநிலை நிதியம் என்ற பன்னாட்டு நிதியத்தின் அங்கீகாரம் பெற வைத்தது. ஆளுக்கொரு வழி. சீஷெல்ஸ் தன் கடனையே மூலப்பொருளாக்கியது. எனக்கு இதில் மரியாதை உண்டு, ஆனால் இதை இலவசப் பணம் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். தவணையை இந்த மக்கள்தான் கட்டுகிறார்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம்.

எங்கள் திட்டம் கூடுகளைப் பற்றியது. இங்கே கரையோர மீனவர்கள் மூங்கில் பிளாச்சில் முடைந்த கூடுகளைக் கடலடியில் இறக்கி வைத்து மீன் பிடிக்கிறார்கள். அதில் அதிகம் விழுவது கோர்டோன்யே, ராமநாதபுரம் கரையில் ஓரா என்று சொல்கிற மீன். முட்டையிடும் காலத்தில் பௌர்ணமியை ஒட்டிக் கூட்டமாகச் சில இடங்களுக்கு வரும். அந்த இடம் தெரிந்தவர் அங்கே கூடு போட்டால் ஒரே இரவில் கொள்ளை. கடல் சூடாகிப் பவளம் சாகிற காலத்தில் முட்டையிட வரும் மீனையும் அள்ளினால் என்ன மிஞ்சும் என்ற கவலை மூத்த மீனவர்களுக்கே இருந்தது. கூட்டில் குஞ்சு வெளியேற ஒரு இடைவெளி விடுவது, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சில இடங்களை விட்டுவைப்பது, பிடிப்பை எழுதி வைப்பது. இவ்வளவுதான் திட்டம்.

மானியம் தனிநபருக்குக் கிடையாது, பதிவான அமைப்பு வேண்டும். சங்கம் பதிவாகியிருந்தது, வங்கிக் கணக்குத்தான் இல்லை. அதுவரை சங்கத்துப் பணம் செயலாளர் மிஸ்ஸின் பிஸ்கட் டப்பாவில். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர், பைசா பிசகாது, ஆனால் டப்பாவுக்கு ஸ்டேட்மெண்ட் கிடையாதே. வங்கியில் கையெழுத்துப் போடும் மூவருக்கும் முகவரிச் சான்று கேட்டார்கள். இரண்டு பேர் அம்மா வீட்டில் இருப்பவர்கள், தண்ணீர் பில்லும் கரண்ட் பில்லும் அம்மா பெயரில். மாவட்ட நிர்வாகி அலுவலகத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்தால் அதில் தேதி சரியில்லை, முத்திரை தெளிவில்லை என்று திருப்பினார்கள். முழு விண்ணப்பம் எழுதியதைவிட இந்தக் கணக்கைத் திறந்ததற்கு அதிக நாள் போனது. இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு என் யோசனை: மானிய அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே வங்கிக்குப் போங்கள்.

முதலில் சுருக்கக் குறிப்பு, அது தேறினால் முழு விண்ணப்பம். அப்போது சிறு மானியம் ஒரு லட்சம் சீஷெல்ஸ் ரூபாய் அளவு, பெரியது பத்து லட்சம் வரை இருந்தது. நாங்கள் நடுவில் கேட்டோம். நோக்கம், விளைவு, அளவுகோல் என்று கட்டம் கட்டமாக நிரப்புவதில் பெரிய சிரமம் இல்லை. மிஸ் வகுப்புப் பாடக்குறிப்பு எழுதிப் பழகியவர், என்னைவிட வேகமாக நிரப்பினார். சிக்கல் மூன்று இடத்தில் வந்தது.

ஒன்று, விலைப்புள்ளி. எந்தப் பொருளுக்கும் மூன்று கடையில் விலை வாங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. படகுக்கு நாங்கள் கேட்ட அவுட்போர்டு இன்ஜினுக்கு அந்த மாடலின் முகவர் நாட்டிலேயே ஒருவர்தான். இன்னொரு கடைக்குப் போனால், அதே முகவரிடம் வாங்கி மேலே லாபம் வைத்துக் கொடுப்பார். ஒரே விற்பனையாளர் என்று விளக்கக் கடிதம் எழுதலாம் என்று பிறகுதான் சொன்னார்கள், அதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் இன்ஜினையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

இரண்டாவது, சொந்தபந்தம். சங்கத்துடன் வியாபாரம் செய்பவர் யாருக்காவது உறவா என்று ஒரு படிவம். படகு பழுது பார்ப்பவர் தலைவரின் மச்சான். கயிறு விற்பவர் பொருளாளரின் ஞானத்தந்தை. ஒரு லட்சம் பேர் உள்ள நாட்டில் உறவில்லாத ஆளைத் தேடினால் மொரீஷியஸுக்குத்தான் போக வேண்டும். தலைவர் இதை எழுதவே கூடாது என்றார், எழுதினால் திருட்டுப் பட்டம் கட்டுவார்கள் என்ற பயம். நான் எல்லா உறவையும் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி, அந்தக் கொள்முதலில் அந்த ஆள் வாக்களிக்க மாட்டார் என்று பக்கத்திலேயே குறித்தேன். உறவு இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் வம்பு. நிதியத்தின் குழுவிலேயே அரசுத் தரப்பும் அரசு சாராத் தரப்பும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது எதற்காக? இவ்வளவு சின்ன ஊரில் ஒருவருடைய கையெழுத்து போதாது என்பதால்தான்.

மூன்றாவது, சங்கத்தின் பங்கு. ரொக்கம் இல்லாவிட்டால் உழைப்பைக் கணக்கு காட்டலாம். அதற்கு ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற தாள் வேண்டும். கடலில் இருக்கிறவன் மணிக்கணக்கு எப்படி எழுதுவான்? நாள் கணக்காக மாற்றி, ஒரு நாள் கூலிக்கு ஒரு நியாயமான தொகையைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டோம். தீர்மானம் இருந்ததால் கேள்வி வரவில்லை.

கால அட்டவணையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. படிவம் காலாண்டு காலாண்டாகக் கேட்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று, கடல் முரட்டுத்தனமாக இருக்கும். ஓரா முட்டையிடத் திரள்வது அதற்குப் பிறகு. ஆகவே கூடு முடைவதைக் காற்றுக் காலத்துக்கும், கடல் வேலையை அக்டோபருக்குப் பிறகும் வைத்து, பௌர்ணமித் தேதிகளை அட்டவணையிலேயே எழுதினோம். விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்கள் பாராட்டிய ஒரே பகுதி அதுதான்.

2019இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணம் மொத்தமாக வராது. முதல் தவணை, பிறகு அறிக்கையும் ரசீதும், பிறகு அடுத்தது. மூங்கில்தான் தலைவலி. மலைமேல் இருக்கும் ஒரு பெரியவர் வெட்டிக் கட்டாகக் கொடுப்பார், அவரிடம் ரசீதுப் புத்தகமும் இல்லை, எழுதவும் விருப்பமில்லை. ஒரு பணப் பட்டுவாடாச் சீட்டு தயார் செய்தேன்: தேதி, கட்டு எண்ணிக்கை, தொகை, அவர் அடையாள எண், கையெழுத்து, இரண்டு சாட்சி, கூடவே மூங்கில் கட்டோடு அவர் நிற்கும் போட்டோ. போட்டோவுக்கென்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார் மனிதர். தணிக்கையில் அந்தச் சீட்டுகள் அப்படியே ஏற்கப்பட்டன.

பிடிப்பு நோட்டில் வேறு வம்பு. எங்கே பிடித்தாய் என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. அப்பன் சொல்லிக் கொடுத்த இடத்தை எவன் எழுதிக் கொடுப்பான்? கடைசியில் கடலைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்தோம், கட்ட எண் மட்டும் போதும், துல்லிய இடம் சங்கத்தை விட்டு வெளியே போகாது என்று எழுதிக் கொடுத்தோம். நோட்டு மெல்ல நிரம்பியது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. விமானம் நின்றது, ஹோட்டல்கள் மூடின, மீனுக்கு ஆள் இல்லை. டாலருக்கு 14 ரூபாய் அளவில் இருந்தது அந்த ஆண்டிலேயே 20ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஜிபிஎஸ் கருவிகளின் விலை ரூபாயில் எகிறியது. பட்ஜெட் திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினோம்: கருவியைக் குறைக்கிறோம், அந்தப் பணத்தில் கூடுகளைக் கூட்டுகிறோம், வேலையில்லாமல் நிற்கும் படகுப் பையன்களுக்கு முடையும் கூலி கொடுக்கிறோம். ஒப்புதல் வந்தது. பெரிய பன்னாட்டு நிதியம் ஒன்றிடம் இதே திருத்தத்தைக் கேட்டிருந்தால் கடிதம் கண்டம் தாண்டிப் போய் வர வேண்டும். விக்டோரியாவில் நடந்து போகும் தூரத்தில் அலுவலகம் இருந்தது, கூடு எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லாத ஆட்கள் அங்கே இருந்தார்கள். நாட்டுக்குள்ளேயே நிதியம் வைத்துக்கொள்வதில் நான் கண்ட லாபம் இதுதான்.

கணக்கு முடிக்கும்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒப்பந்தப்படி செலவாகாத பணம் திரும்பிப் போக வேண்டும். தலைவருக்கு அதை இன்ஜினில் போட ஆசை, நம் வரிப்பணம்தானே என்று நான் சொன்னதையே எனக்குத் திருப்பினார். முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம், அனுப்பிய சலானைக் கடைசி அறிக்கையோடு இணைத்தோம். இன்ஜின் அடுத்த விண்ணப்பத்தில் இருக்கிறது. ஒரே விற்பனையாளர் என்ற கடிதத்தை இந்தத் தடவை முதல் நாளே முகவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டார் மிஸ்.