திருமங்கலத்திலிருந்து நியூயார்க்குக்கு, அம்மாவுடன்

அம்மாவுக்கு நெடுந்தூரம் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான். ராத்திரி மதுரையில் ஏறிப் படுத்தால் விடிகாலை எழும்பூர். சுமார் 490 கிலோமீட்டர். நியூயார்க்கில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு டிக்கெட் போட்டதும் அவர் கேட்டது இதைத்தான்: "பாண்டியன்ல எத்தனை தடவை போயிட்டு வந்தா அம்புட்டுத் தூரம் வரும்?"

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மதுரைக்கும் நியூயார்க்குக்கும் நடுவே குறுக்கு வழியில் ஏறத்தாழ 13,700 கிலோமீட்டர். பாண்டியனில் 14 தடவை சென்னை போய்த் திரும்ப வேண்டும்.

நேர் விமானம் கிடையாது. எங்கே மாறுவது? மதுரைக்கு சிங்கப்பூரும் துபாயும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், 3,000 கிலோமீட்டர் அளவு. ஆனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல். 18 மணி நேரத்துக்கும் கூடுதலாக ஒரே இருக்கை. அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. துபாயிலிருந்து 11,000தான். அந்த வழியில் போனால் மொத்தத்தில் சுற்று 300 கிலோமீட்டர்கூட வராது. தம்பி வேறு அங்கே இருக்கிறான். சரி, துபாய்.

மதுரை பெருங்குடி விமான நிலையம் எங்களுக்கு அரை மணி நேரம். நாலு மணி நேரத்தில் துபாயில் இறங்கினோம். "பாண்டியன்னா இந்நேரம் விருத்தாசலம் பக்கம் வந்திருக்கும்" என்றார் அம்மா. கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். "ஊர் நேரம் அப்படியே இருக்கட்டும்ப்பா" என்று மறுத்துவிட்டார்.

அன்று இரவு தம்பி மகள் தன் பூமி உருண்டையைக் கொண்டுவந்தாள். "அமெரிக்கா மேற்கேதானே இருக்கு, பிளேன் ஏன் பெரியப்பா வடக்கே போகுது?" அம்மா பையிலிருந்து பூக்கட்டும் நூலை எடுத்தார். ஒரு முனையைத் துபாயில் அப்பத்தா கட்டைவிரலால் அமுக்க, மறுமுனையை நியூயார்க்கில் பேத்தி இழுத்துப் பிடித்தாள். தொய்வில்லாமல் இறுகியதும் நூல் தானாக மேலே ஏறி, கருங்கடலைத் தாண்டி, ஸ்காட்லாந்தைத் தொட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து வழியாக இறங்கியது. தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரிவதுதான் உருண்டையில் குறுக்கு வழி. இதை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். அந்த நூல் இறுகிய நொடியில்தான் எனக்கே விளங்கியது. விமானம் அந்தக் கோட்டிலேயே போய்விடாது. போர் நடக்கும் வான்பகுதியை விலக்குவார்கள், காற்றையும் பார்ப்பார்கள்.

காற்று சாதாரணமானதில்லை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, 14 மணி நேரம் ஆனது. வரும்போது அதுவே முதுகில் கை வைத்துத் தள்ள, பன்னிரண்டரை மணி நேரத்தில் துபாய் வந்துவிட்டோம். போகும்போது அம்மாவை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி நடக்க வைத்தேன். கால் வீங்கவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

துபாயில் காலை எட்டரைக்குக் கிளம்பிய எங்களுக்கு நியூயார்க்கில் அதே நாள் பகல் இரண்டரை. வெளியே நல்ல வெயில். அம்மா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார், ராத்திரி பன்னிரண்டு.

"அப்பாவுக்குப் போன் போடு. நாம இறங்கினது தெரியாம தூங்கியிருக்க மாட்டாரு."

ஒரே மணியில் எடுத்துவிட்டார்.