நர்ஸை அடித்தாலும் அந்த 2008 சட்டம்தான்: எஃப்.ஐ.ஆர். வாங்கிய அனுபவம்

டியூட்டியில் என்னை அடித்தவர் மேல் பதிந்த எஃப்.ஐ.ஆர். நகல் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கும் 2008 தமிழ்நாடு சட்டத்தில் நான் கேட்ட பிரிவும் அதில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வழக்கு நடப்பதால் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம். நாளைக்கு இன்னொரு சிஸ்டர் என்னைப் போல அலையக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு டியூட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பையனைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு கூட்டம். டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டு, ஊசி ஏற்றி, டாக்டருக்கும் 108க்கும் சொல்லிவிட்டோம். ஸ்கேனுக்கு ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தது. "சாகட்டும்னு நிக்கிறியா" என்று ஒருவர் ட்ரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துத் தள்ளினார். மருந்து அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் என் கையை முறுக்கிக் கன்னத்தில் அறைந்தார். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தில் கீறியது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், அது எனக்கு நிஜமான நிம்மதி.

முதல் சிக்கல் அன்றிரவே ஆரம்பித்தது. காயத்துக்கு ஏ.ஆர். (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டுப் பதிவு) போட்டார்கள். அவசரத்தில் டாக்டர், 'அடையாளம் தெரியாத நபர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று எழுதிவிட்டார். நமக்கு அது ஒரு வரி. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருக்கு அதுதான் எல்லாம். "யாருன்னே தெரியலைன்னு உங்க டாக்டரே எழுதியிருக்காரே, நான் யார் மேல கேஸ் போடுறது?" என்றார். ஏ.ஆர். பதிவேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. அங்கேயே உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிகிடைத்தது. அடிபட்ட பையனுக்கும் அதே பதிவேட்டில்தான் ஏ.ஆர். போட்டிருக்கிறோம். அவன் எண்ணுக்கு அடுத்த எண் என்னுடையது. அவனுடைய பக்கத்தில் 'கொண்டுவந்தவர்' என்ற இடத்தில் என்னை அடித்தவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், உறவுமுறை எல்லாம் அவர் வாயால் சொன்னபடியே இருக்கிறது. மருத்துவமனையிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் உடனே கடிதம் போட்டு வாங்கினார். அதற்குப் பிறகு 'அடையாளம் தெரியாத' என்ற பேச்சு எழவில்லை.

சிஸ்டர்களே, நமக்கு ஏ.ஆர். எழுதும்போது பக்கத்திலேயே நின்று வாசித்துப் பாருங்கள். எத்தனை பேர், தெரிந்தவரா, எதனால் அடித்தார், எந்த இடம், எத்தனை மணி, இவ்வளவும் இருக்க வேண்டும். முகம் கழுவிவிட்டு டியூட்டியைப் பார் என்று யார் சொன்னாலும் முதலில் இது.

அடுத்தது புகார் யார் கொடுப்பது என்பதில் இழுபறி. "அடி வாங்கினது நீதானம்மா, நீயே எழுதிக் குடு" என்றார் மேலதிகாரி. ஸ்டேஷனில், "அரசு ஊழியர்னா துறைக் கடிதம் வேணும்" என்றார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து மானம் போனதுதான் மிச்சம். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. பணியில் இருக்கும் மருத்துவப் பணியாளர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்று. அது மத்திய அரசு மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பியது, எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிக்கு அல்ல. ஆனாலும் அச்செடுத்து மேலதிகாரியின் மேஜையில் வைத்தேன். கடிதம் வந்தது. தனியாக என் புகாரும் கொடுத்தேன். இரண்டும் இருப்பதுதான் நல்லது.

புகார் கொடுத்ததும் கிடைத்தது வெறும் சி.எஸ்.ஆர். ரசீது. நிறைய பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. கேஸ் பதிந்தால் என்ன பிரிவு என்று கேட்டேன். திட்டியது, லேசான காயம் என்று ஸ்டேஷன் ஜாமீனிலேயே போகிற பிரிவுகளைச் சொன்னார்கள். அந்த 2008 சட்டம், அதாவது தமிழ்நாடு சட்டம் 48/2008, எங்கே என்றேன். "அது டாக்டர்களுக்குத்தானே சிஸ்டர்?" என்று கேட்டார் ரைட்டர். உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார்.

சங்கத்து அக்கா ஒருவர் அந்தச் சட்டத்தை அச்செடுத்துக் கொடுத்திருந்தார். பதிவு பெற்ற நர்ஸ், நர்சிங் மாணவி, துணை மருத்துவப் பணியாளர் எல்லாரும் அதில் வருகிறார்கள். அடிகோடிட்டுக் காட்டினேன். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் விட முடியாத குற்றம். பொருள் சேதத்துக்கு இரண்டு மடங்கு இழப்பீடும் உண்டு. அதோடு அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதற்கு பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 132வது பிரிவு, காயப்படுத்தியிருந்தால் 121. அவர் வாங்கிப் படித்துவிட்டு, "ஐயா வரட்டும்" என்றார்.

ஐயா வருவதற்குள் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர், கூடவே அந்த ஆளின் அம்மா. "தாயி, வெளிநாட்டு வேலைக்கு விசா வந்திருக்கு. கேஸ் ஆனா பாஸ்போர்ட்டே போயிரும். ஒம் புள்ளையா நெனச்சு விட்ருத்தா" என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அக்கரையில் இருப்பவர்கள்தான், விசா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூட அவன் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. 'பதட்டத்துல கை நீண்டுருச்சு' என்றார்கள். பதட்டத்தில் வருகிறவர்களை மட்டும்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மேலிடத்திலிருந்தும், "சமாதானமாப் போயிடும்மா, நாளைக்கும் இதே ஊர்லதான் வேலை பார்க்கணும்" என்று போன் வந்தது. இந்த வார்த்தைதான் அடியைவிட வலித்தது.

கேஸ் பதியாமலே நாள் நகர்ந்ததால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 173வது பிரிவு அதற்கு வழி தருகிறது. அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எனக்கு அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை. ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டார்கள், 2008 சட்டப் பிரிவோடு பதிந்தார்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும், தந்தார்கள். ஆளைக் கைது செய்து, பிறகு கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து வெளியே இருக்கிறார்.

போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து மகஜர் எழுத வந்தபோது இன்னொரு குறை தெரிந்தது. உடைந்த கண்ணாடியைக் காலையிலேயே கூட்டிப் பெருக்கிக் கொட்டிவிட்டிருந்தார்கள். கூட டியூட்டியில் இருந்த சிஸ்டர் இரவே போனில் எடுத்த படங்கள்தான் காப்பாற்றின. அலமாரியின் விலையை ஸ்டோரில் இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வாங்குங்கள், இழப்பீட்டுக்கு அது வேண்டும். கேமரா பதிவு இன்னும் மோசம். பழையது தானாக அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். கோர்ட்டில் அது செல்ல வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63வது பிரிவுப்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். எனக்கு அழியும் முன்னால் கிடைத்தது, கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியின் புண்ணியம்.

படம் எடுத்த அந்தச் சிஸ்டர் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தொகுப்பூதியத்தில் வந்தவள். சாட்சி சொன்னால் பணி நிரந்தரத்தில் கைவைப்பார்களோ என்று பயந்தாள். நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதம் அந்தச் சட்டத்தில் இல்லை, அவளையும் அது காப்பாற்றும் என்று பிரதியைக் காட்டினேன். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "வர்றேங்க்கா" என்றாள். பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. அதைக் கேட்டுத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.