வண்டி எண் இல்லாமல் ஒரு வழக்கு

பெங்களூரின் பழைய மெட்ராஸ் சாலையில் ஒரு விடியற்காலை, வெள்ளை கார் ஒன்று பின்னாலிருந்து என் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் பறந்துவிட்டது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. "நம்பரே தெரியாது, யார்மேல் வழக்குப் போடுவாய்?" என்று அல்சூரில் தெரிந்தவர் எல்லோரும் கேட்டார்கள். நம்பர் தெரியாதவர்களுக்கென்றே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது.

மருத்துவமனையில் நுழைந்ததுமே சாலை விபத்து என்று சொல்லி எம்.எல்.சி., அதாவது காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ வழக்கு என்று பதியச் செய்யுங்கள். பெங்களூரில் இந்த வழக்குகளைப் பதிவது போக்குவரத்துக் காவல் நிலையம்.

அங்கே என் வாக்குமூலத்தைக் கன்னடத்தில் தட்டச்சு செய்தார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். நான் நிலைதடுமாறி விழுந்ததாகவும், பின்னால் வந்த கார் உரசியதாகவும் இருந்தது. கார் இடித்ததால்தான் விழுந்தேன். முன்பின் மாறினால் வழக்கே கவிழ்ந்துவிடும். வாசலில் கிடந்த சைக்கிளைக் காட்டினேன். பின்சக்கரம் நெளிந்திருந்தது, மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட் ஈஷியிருந்தது. ஹெட் கான்ஸ்டபிள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வரியைத் திருத்தினார்.

கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். இடித்த இடத்தருகே டீக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரர் என் மனைவியிடம், "போலீஸ் கேட்டால்தான் பெட்ரோல் பங்க் முதலாளி பதிவைத் தருவார் அக்கா, சீக்கிரம் வரச் சொல்லுங்கள்" என்றார். எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று எழுதி, நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். பதிவில் கார் தெரிந்தது. நம்பர் பிளேட் தெரியவில்லை.

கடைசியில் போலீஸ் கொடுத்தது 'சி' ரிப்போர்ட், அதாவது துப்புத் துலங்கவில்லை என்ற அறிக்கை. பெரும்பாலோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டே இழப்பீடு கேட்கலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாத விபத்துகளுக்காக 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் கொடுங்காயத்துக்கு வெறும் 12,500. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் காவல்துறையே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. எனக்கு அப்படியொரு கடிதம் வரவில்லை. உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு போய் நானே கேட்டு வாங்கினேன்.

காயச் சான்றிதழையும் ஒருமுறை பாருங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். என் சான்றிதழில் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே 'சாதாரணக் காயம்' என்று எழுதிவைத்திருந்தார்கள். மாற்றி வாங்க மூன்றாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் கட்டுப்போட்ட தோளோடு அலைந்தேன்.

மனுவை விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வண்டி பிடிபட்டு வேறு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழியும் உண்டு. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தக் காரைப் பிடித்துவிட்டோம் என்று நாளைக்கு யாராவது வந்து சொன்னால், 50,000 ரூபாயைச் சந்தோஷமாகவே திருப்பிக் கட்டுவேன்.