ஃபெர்ஹாதியாவில் ஒரு மஃரிப் தொழுகை

போஸ்னியாவில், சரயேவோவிலிருந்து பஸ் பிடித்து பாஞ்சா லூக்கா நகரம் போய்ச் சேர்ந்தபோது அஸர் எனும் மாலைத் தொழுகை நேரம் தாண்டியிருந்தது. நகரத்தின் நடுவிலேயே, வ்ர்பாஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது ஃபெர்ஹாதியா பள்ளிவாசல். குப்பா எனும் பெரிய குவிமாடம் ஒன்று, 40 மீட்டரைத் தாண்டும் ஒல்லியான ஒற்றை மினாரா.

1579-ல் உஸ்மானிய ஆளுநர் ஃபெர்ஹாத் பாஷா கட்டியது. ஆஸ்திரியத் தளபதி ஒருவரின் மகனைப் போரில் சிறைபிடித்து, அவரை விடுவிக்கக் கிடைத்த மீட்புத் தொகையில் கட்டினார் என்று ஒரு பேச்சு உண்டு.

போஸ்னியப் போரின்போது, 1993 மே 7 விடியுமுன், போஸ்னிய செர்பியத் தரப்பினர் இதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊருக்குள் சண்டையே நடக்கவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. போர் முடிவதற்குள் அந்த ஊரின் 16 பள்ளிவாசல்களும் போய்விட்டன. இடிபாட்டை லாரியில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். 2001-ல் மறுபடி அடிக்கல் நாட்ட வந்தவர்களைக் கும்பல் தாக்கியது. ஒரு முதியவர் உயிரிழந்தார். அடுத்த மாதம் பலத்த காவலோடு அடிக்கல் நாட்டினார்கள். திறப்பு விழா நடந்தது 2016 மே 7, தகர்த்த அதே தேதியில்.

தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வெளிச்சுவரை ஒட்டி நடந்தேன். குப்பையிலிருந்து தோண்டியெடுத்த பழைய கற்களை அடையாளம் பார்த்துப் பழைய இடத்திலேயே பொருத்த முயன்றிருக்கிறார்கள். முனை சிதைந்து கறுத்த ஒரு கல், அதையொட்டி உளித்தடம் மாறாத வெளிர் கல். கையை வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. பளபளவென்று புதிதாகவே கட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நெருக்கம் வந்திருக்காது.

சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் உள்ளே போனோம். ஹனஃபி சட்டப்பிரிவைப் பின்பற்றும் ஜமாஅத். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் ஆமீனை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார்கள். சத்தமாகச் சொல்லியே வளர்ந்த ஷாஃபி பிரிவுக்காரனான எனக்கு அது புதிது. ஸுஜூதில் நெற்றி தரையில் பட்டபோது மனது குழைந்துவிட்டது. வெடிவைத்தவர்களுக்காகவும் துஆ கேட்க நினைத்தேன், நாக்கு எழவில்லை. அல்லாஹ் என் மனதை அறிவான்.

ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், அத்தனை பெரிய பள்ளியில் இரண்டாவது ஸஃப், அதாவது வரிசை, பாதிகூட நிறையவில்லை. போரில் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். கல்லைத் தேடிக் கொண்டுவந்துவிட்டார்கள், ஆளைக் கொண்டுவர முடியவில்லை.

வளாகத்திலேயே ஃபெர்ஹாத் பாஷாவின் கப்ரு, அதன்மேல் எழுப்பிய கல்லறைக் கட்டடத்தோடு இருக்கிறது. ஹங்கேரியின் புடாவில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தையும் 1993-ல் விட்டுவைக்கவில்லை. அதுவும் திரும்ப எழுப்பியதுதான். அங்கே நின்று ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.