நுவரெலியா றேஸ்: வவுனியாவிலிருந்து போகிறவர்கள் காசை எங்கே செலவழிக்க வேண்டும்

நுவரெலியா பஸ் நிலையத்திலிருந்து குதிரைப் பந்தயத் திடலுக்கு ஓட்டோவில் போக 1,000 ரூபாய் கேட்கிறார்கள். கிரகரி வாவிப் பக்கமாக நடக்கிற தூரம் அது. சித்திரைச் சீசனில் அந்தப் பாதை முழுக்க வாகனம் நெருக்கியடித்து நிற்கும், ஓட்டோவில் ஏறியவரை விட நடப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார். ஒருவரும் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

வவுனியா–கண்டி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று A9 வழியே போய்விடும். கொடுமை கண்டிக்குப் பிறகுதான். அங்கே குட்ஷெட் பஸ் நிலையத்தில் சீசன் நாட்களில் சனம் அலைமோதும். தனியார் சிறிய பஸ் ஒன்றில் நடுவழி மடக்குச் சீற்றையும் நிரப்பி, அதற்கு மேலும் ஆளை ஏற்றினார்கள். புசல்லாவை தாண்டி இறம்பொடை வளைவுகளில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருந்தது. ஆசனத்துக்கு உரிய முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு இப்படி அடைப்பது அநியாயம். கண்டியில் ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் முதல் ஆளாக ஏறுங்கள். மொத்தப் பயணம் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஆகவே றேஸ் நாளன்று காலையில் வெளிக்கிட்டுப் பிரயோசனமில்லை, முதல் நாளே போய்விட வேண்டும்.

அறை வாடகை சீசனில் கண்மண் தெரியாமல் ஏறும். வன்னியில் இருக்கிற எங்களுக்கு இதில் ஒரு வழி உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்களில் பலருக்கு நுவரெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்றும் சொந்தங்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லி, வீட்டுக்கு வேண்டிய அரிசி, கருவாடு கொண்டுபோய் அங்கே தங்குங்கள். காலையில் அடுப்படியில் சுடச்சுடத் தருகிற தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், சாயத்தண்ணி இருக்கிறதே, அந்தக் குளிரில் அதற்கு ஈடாக எந்த ஹோட்டல் சாப்பாடும் இல்லை. சம்பல் உறைப்பு காதுவரை ஏறும். இன்னும் இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். வவுனியா வெயிலை நம்பிக் கம்பளிச் சட்டை இல்லாமல் போகவே கூடாது.

இந்தத் திடல் 1875 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 1956 இல் நாட்டில் பந்தயம் நின்றுபோய், 1981 இல் இங்கேதான் மறுபடி தொடங்கியது. இங்கே உயர்ந்த மேடை ரிக்கற்றுக்குக் காசு கொட்டுவது வீண். பார்க்க வேண்டியது பெடொக் வளையத்தை. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுகிற அந்த இடத்தின் கம்பியோரமாக நேரத்தோடு போய் நில்லுங்கள். தரோப்ரெட் என்கிற பந்தய இனக் குதிரையைக் கைபேசித் திரையில் எத்தனை தரம் பார்த்தாலும், தோலுக்குள் ஓடுகிற நரம்பு தெரியக் கிட்ட நின்று பார்ப்பது வேறுதான்!

நடையைப் பாருங்கள். பின்னங்கால் குளம்பு முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழுந்தால் உடம்பு இறுக்கமில்லாமல் இருக்கிறது. அடி குறுகிக் குறுகி வைத்தால் எங்கோ நோ இருக்கலாம். பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளை நுரை கட்டியிருக்கிறதா பாருங்கள். வெக்கையில் எந்தக் குதிரையும் வேர்க்கும், ஆனால் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் நுரை தள்ளுகிற குதிரை பதற்றத்திலேயே பலத்தைச் செலவழிக்கிறது. அதில் காசு கட்டாதீர்கள்.

ஓட்ட விபர அட்டையில் குதிரையின் பெயரைப் பார்க்குமுன் அது சுமக்கிற எடையைப் பாருங்கள். மைல் ஓட்டத்தில் 1 கிலோ கூடினால் ஏறத்தாழ ஒரு குதிரை நீளம் பின்தங்கும், தூரம் கூடக்கூட அந்த விளைவும் கூடும். சித்திரையில் பின்னேர மழை வழக்கம். முதல் ஓட்டத்தில் இறுகிக் கிடந்த புல் கடைசி ஓட்டத்தில் சேறாகிவிடும். காலையில் போட்ட கணக்கை மழைக்குப் பிறகு நம்பக் கூடாது.

முடிவுக் கம்பத்துக்கு நேரே இடம் கிடைக்காவிட்டால் கண் ஏமாற்றும். குதிரைகள் கம்பத்தை எட்டுவதற்கு முந்திய பக்கத்தில் நின்றால் உங்களுக்குக் கிட்ட ஓடுவது முந்தியதுபோலத் தெரியும். கம்பம் தாண்டிய பக்கத்தில் நின்றால் தூர ஓடுவது முந்தியதாகத் தெரியும். தலை வித்தியாசத்தில் முடிகிற ஓட்டத்தில் இதனால்தான் வீண் சண்டை வருகிறது. ஜொக்கியின் (குதிரையோட்டியின்) எடையை மறுபடி பார்த்து, முடிவை உறுதி என்று அறிவிக்கும்வரை ரிக்கற்றைக் கிழித்தெறியாதீர்கள். ஆட்சேபனை வந்தால் இடம் மாறலாம்.

ஓட்டங்களுக்கு நடுவில் கம்பியோரம் நடக்கிற பேச்சும் ருசி. ஃபோரெவர் யங் என்ற குதிரை 2025 நவம்பரில் அமெரிக்காவின் டெல் மார் திடலில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் ஓட்டத்தை வென்றது இன்னும் சூடு ஆறவில்லை. ஜப்பானில் பயிற்றப்பட்ட குதிரை அதை வென்றது அதுவே முதல் தரம். அமெரிக்கக் குதிரை சொவ்ரின்ட்டி காய்ச்சலால் விலகாமல் ஓடியிருந்தால் முடிவு வேறு என்கிறார்கள் ஒரு சாரார். இருக்கலாம். ஆனால் அதே சொவ்ரின்ட்டி கென்டக்கி டேர்பியை வென்றபின், இரண்டே கிழமையில் வருகிற பிரீக்னஸ் ஓட்டத்தில் அதை இறக்காமல் விட்டது சரியான முடிவு. டேர்பி, பிரீக்னஸ், பெல்மொன்ட் மூன்றையும் வெல்கிற மூன்று கிரீடக் கனவைக் கெடுத்தார்கள் என்று திட்டியவர்கள், அது பெல்மொன்ட்டையும் பிறகு டிராவர்ஸ் ஓட்டத்தையும் வென்றதைப் பார்த்தார்கள்தானே? நுவரெலியாச் சீசன் குறுகியது. போன ஓட்டத்தின் களைப்பு ஆறுமுன் மறுபடி இறக்கப்பட்ட குதிரை அட்டையில் இருந்தால் பெடொக்கில் அதன் வயிற்றைப் பாருங்கள். ஒட்டி மேலேறிக் கிடந்தால் தீனி சரியாக எடுக்கவில்லை.

2024 இல் சிங்கப்பூரின் கிரான்ஜித் திடலும் மக்காவ் திடலும் மூடப்பட்டன. அதே ஆண்டு சென்னையின் கிண்டித் திடலைத் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தியது. பக்கத்தில் பார்க்கக் கிடைக்கிற திடல்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. நுவரெலியாவுக்குச் செலவைப் பார்க்காமல் ஒரு சித்திரையாவது போய்வாருங்கள்.

பந்தயம் கட்டுவதற்கென்று ஒரு தொகையைத் தனியாக மடித்து வையுங்கள், திரும்பும் பஸ் காசை அதோடு சேர்க்காதீர்கள். கடைசி ஓட்டம் முடிந்ததும் சனம் முழுக்க ஒரே நேரத்தில் பஸ் நிலையத்துக்குப் போகும். அன்றே கண்டிக்கு இறங்க வேண்டுமென்றால் கடைசி ஓட்டத்தை விட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.