பாலிமர் மேகசின் சோதனை: எடை பார்க்காததால் இழந்த ஆறு வாரங்கள்

நாங்கள் தயாரிக்கும் முப்பது தோட்டா பாலிமர் மேகசின்களுக்கான (துப்பாக்கிக்குத் தோட்டாக்களை ஊட்டும் பிளாஸ்டிக் பெட்டிகள்) சோதனை அறிக்கை சென்ற வாரம்தான் கைக்கு வந்தது. ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் அரிசோனா நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் எனக்கு, மூன்று வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய இந்த வேலை ஒன்பது வாரங்களை விழுங்கியது. இதே வழியில் வரவிருப்பவர்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றே எழுதுகிறேன்.

முதல் தடங்கல் ஒரு தாளால் வந்தது. கீழே போட்டுப் பார்க்கும் சோதனைக்கு மேகசினில் உண்மைத் தோட்டாக்களை நிரப்புவதில்லை. வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத, எடை மட்டும் ஒத்திருக்கும் போலித் தோட்டாக்களையே நிரப்புவோம். டூசானிலிருந்து ஃபீனிக்ஸிலுள்ள சோதனைக்கூடத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று பெட்டியை மேசையில் வைத்தபோது, அவை போலி என்பதற்குக் கையொப்பமிட்ட உறுதிமொழி இல்லாமல் உள்ளே எடுக்க முடியாது என்றார் அங்கிருந்த அலுவலர். ஒவ்வொரு பித்தளை உறையிலும் துளையிட்டிருப்பதைக் காட்டினேன், பொறியாளர் ஒருவரை அழைத்துக் கேட்கும்படி வேண்டினேன், அவர் அசையவில்லை. முன்பதிவின்போது அனுப்பிய படிவத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. ஒரு நாள் முழுவதும் வீணாயிற்று. நீங்கள் செல்வதாக இருந்தால், என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

அடுத்து நேர்ந்தது அதைவிடப் பெரிய இழப்பு. கடுங்குளிரிலோ வெப்பத்திலோ அன்று, 23 டிகிரி செல்சியஸ் அறையில், 1.5 மீட்டர் உயரத்திலிருந்து வாய்ப்புறம் கீழாகக் கான்கிரீட்டில் விழுந்த பத்து மேகசின்களில் நான்கு, தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் விளிம்பில் விரிசல் கண்டன. அச்சில் குறை, கண்ணாடி இழை சரியாகக் கலக்கவில்லை, உருக்கிய வெப்பம் கூடிவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடி இரண்டு வாரங்களைக் கழித்த பிறகுதான், மாதிரிகளை அச்சிலிருந்து எடுத்தவுடன் ஈரம் புகாத உறையில் அடைத்து அனுப்பியது நினைவுக்கு வந்தது. எங்கள் மூலப்பொருள் நைலான் 66. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் பொருள். இழை கலக்காத நைலான் 66, 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் தன் எடையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு நீரை ஏற்கும்; இழை கலந்தால் அந்த அளவு குறையும். அந்த நீர் ஏறும்வரை பொருள் விறைப்பாகவும் அடி தாங்காததாகவும் இருக்கும். அரிசோனாவின் வறண்ட காற்றில் வெளியே வைத்திருந்தாலும் அது எளிதில் ஏறாது.

நைலானில் ஈரம் ஏற்றுவதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 1110 கூறும் முறைப்படி, 70 டிகிரி வெப்பமும் 62 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டியில், எடை மேலும் கூடாத நிலை வரும்வரை அடுத்த தொகுதியை வைத்தோம். அதே உயரம், அதே தரை, ஒன்றும் உடையவில்லை. அன்று மாலை பத்து மேகசின்களையும் மேசையில் வரிசையாக அடுக்கிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஈரம் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. உறைநிலைக்கு வெகு கீழே அது தரும் நெகிழ்வு பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதால், குளிர்ச் சோதனையைத் தனியாகவே கடக்க வேண்டும். ஈரம் ஏறிய நைலான் சற்று இளகுவதால், தோட்டா நிரம்பிய மேகசினை நெடுநாள் வைத்திருந்தால் சுருள்வில்லின் அழுத்தத்தில் விளிம்புகள் விரியும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே உலர்ந்த மாதிரியில் எடுத்த விரிவளவு, உண்மையைவிட அழகாகத் தெரியும். இங்கும் நான் தவறினேன்: நிரப்புவதற்கு முன் விளிம்பு இடைவெளியை அளக்காமலேயே முதல் தொகுதியை வைத்துவிட்டதால், பின்னர் எடுத்த அளவுகளை ஒப்பிட எதுவுமில்லாமல் அத்தொகுதியைக் கைவிட நேர்ந்தது.

குளிர்ச் சோதனையும் மணல் சோதனையும் தடையின்றி முடிந்தன.

சுட்டுப் பார்க்கும் கட்டத்தில் மட்டும் முன்கூட்டியே விழித்துக்கொண்டேன். ஒவ்வொரு மேகசினிலும் எண்ணைப் பொறித்து, இரண்டு துப்பாக்கிகளில் மாற்றி மாற்றிப் பொருத்தச் சொன்னேன். தோட்டா சிக்கிய மூன்று முறையும் மேகசின் எண் வெவ்வேறாக இருந்தது, துப்பாக்கி ஒன்றே. அதைக் கழற்றிப் பார்த்தபோது தோட்டா உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி தேய்ந்திருந்தது. எண் பொறிக்காமல் விட்டிருந்தால் அந்த மூன்றும் எங்கள் மேகசினின் கணக்கில்தான் ஏறியிருக்கும். இறுதி அறிக்கையில், என் வேண்டுகோளின்படி, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, ஈரம் ஏறியதா என்பதைக் காட்டும் சோதனைக்கு முந்தைய எடையும் அச்சாகியிருக்கிறது.