ஆமைத் தொட்டிக்கு ஒரு வாளி ஃபில்டர்

மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன ஃபில்டரெல்லாம் ஆமைக்கு எந்த மூலைக்கு? எங்கள் செங்காது ஆமை தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம். அதனால் மூடி போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, நானே ஒன்று செய்தேன்.

தொட்டியில் உள்ள மோட்டார் பிவிசி குழாய் வழியாகத் தண்ணீரை வாளியின் அடிக்கே தள்ளும். அங்கிருந்து முரட்டு ஸ்பான்ஜ், பஞ்சு, அதற்கு மேல் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் (சோப்பு தடவாதது) என்று ஏறி, மேலே உள்ள குழாயில் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். திரும்பும் குழாய், ஏறும் குழாயைவிடப் பெரிதாக இருந்தால் வாளி நிரம்பி வழியாது.

முக்கியமான வேலை ஒரு பொடித் துளைதான். கரண்ட் போனால் வாளித் தண்ணீர் மோட்டார் வழியே பின்னோக்கி இறங்கி, தொட்டி நிரம்பி ஹாலே குளமாகிவிடும். ஏறும் குழாயில், வாளிக்குள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளை போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். மோட்டார் ஓடும்போது அதில் கொஞ்சம் பீய்ச்சும், பரவாயில்லை.

அந்த நாரில்தான் பாக்டீரியா குடியேறி, ஆமைக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும். அதற்குச் சில வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் நாரை அலசினால் எல்லாம் செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். நைட்ரேட்டை மட்டும் வாளி நீக்காது. வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும், அது ரோஜாச் செடிக்குப் போகிறது.